ஏறினால் சந்தை... இறங்கினால் தேர்தல்!

பெட்ரோல், டீசல் விலை: வண்டி ஓட்டுபவரின் கணக்கு ஏன் நேராவதே இல்லை?

தமிழ்நாட்டில் பைக் வைத்திருப்பவர் பெட்ரோலை லிட்டரில் வாங்குவதில்லை; ரூபாயில் வாங்குகிறார். 'நூறுக்குப் போடுங்க', 'இருநூறுக்குப் போடுங்க' என்பதுதான் பங்க் பாஷை. கையில் இருக்கும் காசு அவ்வளவுதான் என்பதால், லிட்டர் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஆனால் வண்டி விடாது. பெட்ரோல் விலை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்ட 2010 ஜூனில், சென்னையில் நூறு ரூபாய்க்கு ஏறக்குறைய 1.8 லிட்டர் கிடைத்தது. விலை 110.85 ரூபாயைத் தொட்ட 2022 ஏப்ரலில் அதே நூறு ரூபாய்க்கு விழுந்தது 902 மில்லி. கேட்டது அதே நூறு. ஓடியது பாதி தூரம்.

விலை ஏறுவது புதிதல்ல. அரிசி ஏறுகிறது, பருப்பு ஏறுகிறது, வீட்டு வாடகை ஏறுகிறது. அதற்கெல்லாம் முணுமுணுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும் மனிதர்கள், பங்க்கில் மட்டும் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள்? ஆட்டோ ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் பதில் காதில் விழும். "உலகத்துல எண்ணெய் ஏறினா நமக்கும் ஏறுது, சரி. அங்க இறங்கும்போது நமக்கு மட்டும் ஏன் இறங்கல?" இதுதான் கேள்வி. டீக்கடைப் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 15 ஆண்டு வரலாறு இந்தக் கேள்வியின் பக்கம்தான் நிற்கிறது.

தினசரி விலை என்ற வாக்குறுதி

பெட்ரோல் விலை நிர்ணயம் 2010 ஜூனில் எண்ணெய் நிறுவனங்களிடம் போனது. டீசல் 2014 அக்டோபரில் போனது. அதன் பிறகு மாதத்தில் இரண்டு முறை, 1-ம் தேதியும் 16-ம் தேதியும், விலை மாறிவந்தது. பெரிய ஏற்றம் வரப்போகிறது என்று செய்தி வந்தால், முந்தைய நாள் ராத்திரி பங்க்கில் கூட்டம் அலைமோதும்.

2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை மாற்றம் வந்தது. காலை 6 மணிக்குப் புது விலை. சொல்லப்பட்ட காரணம் நியாயமானது: உலகச் சந்தையில் விலை குறைந்தால் அந்தப் பலன் மறுநாளே வாடிக்கையாளருக்குக் கிடைக்கும், ஏறினாலும் பைசா பைசாவாக ஏறும், ஒரேயடியாக இரண்டு, மூன்று ரூபாய் என்று அதிர்ச்சி இருக்காது. புதுச்சேரி உட்பட ஐந்து நகரங்களில் முன்னோட்டம் பார்த்த பிறகுதான் இது நாடு முழுக்க விரிவாக்கப்பட்டது.

வாக்குறுதியில் பாதி நிறைவேறியது. பைசா பைசாவாக ஏறியது. எவ்வளவு ஏறியது என்பதைத் தினமும் யாரும் கவனிக்காத அளவுக்கு ஏறியது. 2020 ஜூன் 7 தொடங்கி மூன்று வாரம் விடாமல் ஏறியதும், 2021 ஜூலை 2-ம் தேதி சென்னையில் பெட்ரோல் சதம் அடித்ததும் அப்படித்தான்.

மீதிப் பாதி, அதாவது குறையும்போது குறைவது, எப்போது நடந்தது என்று தேதிகளைப் பாருங்கள்.

காலண்டர் சொல்லும் கதை

2018 மே. கர்நாடக சட்டமன்றத் தேர்தல். வாக்குப்பதிவையொட்டி 19 நாட்கள் தினசரி விலை, தினசரி அதே விலையாகவே இருந்தது. 12-ம் தேதி வாக்குப்பதிவு. 14-ம் தேதி விலை ஏறத் தொடங்கியது.

2021. தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரி தேர்தல்கள். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏற்றமே இல்லை. நடுவில் சில பைசா குறையவும் செய்தது. மே 2-ல் வாக்கு எண்ணிக்கை முடிந்தது. மே 4-ல் மீண்டும் ஏற்றம்.

2021 நவம்பர் 4, தீபாவளி. மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. அதற்குப் பிறகு 137 நாட்கள் விலைப் பலகையில் ஓர் எண்கூட மாறவில்லை. அந்த இடைவெளியில்தான் உக்ரைன் போர் வெடித்தது. கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டிப் பறந்தது. ஆனால் உத்தரப்பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களில் தேர்தல். 2022 மார்ச் 10-ல் முடிவுகள் வந்தன. மார்ச் 22-ல் ஆரம்பித்து 16 நாட்களில் 14 முறை விலை ஏறியது. சென்னையில் பெட்ரோல் 101.40-லிருந்து 110.85-க்கும், டீசல் 91.43-லிருந்து 100.94-க்கும் போனது.

2022 மே 22-ல் கலால் வரி மறுபடி குறைந்தது. சென்னையில் பெட்ரோல் 102.63, டீசல் 94.24. இந்த எண் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அப்படியே நின்றது. அடுத்த குறைப்பு 2 ரூபாய். அமலுக்கு வந்தது 2024 மார்ச் 15. நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது மார்ச் 16.

எண்ணெய் நிறுவனங்கள் சுதந்திரமாக விலை வைக்கின்றன, எங்களுக்கு அதில் பங்கில்லை என்பது மத்திய அரசு நாடாளுமன்றத்தில் பலமுறை சொன்ன பதில். இந்தக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலைப் படித்தால், ஆட்டோ ஸ்டாண்டில் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியும்.

17 ரூபாய் 96 காசு

கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்குப் போன காலமும் உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, பிரென்ட் ரகக் கச்சா எண்ணெய் பேரல் 20 டாலருக்குக் கீழே சரிந்தது. அமெரிக்காவில் ஒருநாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. வரலாற்றில் வாடிக்கையாளருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

நடந்தது வேறு. அந்த ஆண்டு மார்ச்சில் கலால் வரி லிட்டருக்கு 3 ரூபாய் உயர்ந்தது. மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் மேலும் உயர்ந்தது. அதே மே மாதம் தமிழ்நாடு அரசும் தன் வரி முறையை மாற்றியது, பெட்ரோல் 3.25 ரூபாயும் டீசல் 2.50 ரூபாயும் ஏறின.

அந்த மாதம் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 71.26 ரூபாய். அதில் எண்ணெயின் அடிப்படை விலை 17.96 ரூபாய். கலால் வரி 32.98; டெல்லி அரசின் வாட் வரி 16.44, பங்க் உரிமையாளரின் கமிஷன் 3.56, மிச்சம் போக்குவரத்துச் செலவு. பொருளின் விலையைப்போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு வரி.

இதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை கச்சா எண்ணெய் சரிந்துகொண்டே வந்தபோது, கலால் வரி ஒன்பது முறை உயர்த்தப்பட்டது. பெட்ரோலில் 11.77 ரூபாய், டீசலில் 13.47 ரூபாய். 2025 ஏப்ரலில் உலகச் சந்தையில் எண்ணெய் மளமளவென இறங்கியபோதும் இதே கதை: கலால் வரி 2 ரூபாய் உயர்ந்தது. 'விலை ஏறாது, கவலை வேண்டாம்' என்றார்கள். உண்மைதான், ஏறவில்லை. இறங்க வேண்டிய 2 ரூபாய் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஊரடங்கில் வருமானம் நின்றுபோன அரசுக்கு இலவச அரிசிக்கும் தடுப்பூசிக்கும் பணம் வேண்டியிருந்தது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது, வாங்குவது டாலரில். 2010-ல் 46 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025-ல் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. பேரல் விலை அதேதான் என்றாலும் ரூபாய்க் கணக்கில் செலவு ஏறிவிட்டது. இதெல்லாம் நிஜம். ஆனால் இந்தக் கணக்கை யாரும் வண்டிக்காரரிடம் சொல்லிக் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள். 2023-24 நிதியாண்டில் இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுக்கும் சேர்த்து லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு அவை தடுமாறின, இந்துஸ்தான் பெட்ரோலியம் சுமார் 9,000 கோடி நஷ்டம் காட்டியது என்பதும் உண்மை. நஷ்டத்தை ஈடுகட்ட விலையை இறக்காமல் பிடித்துவைத்தார்கள் என்றால், ஈடாகிவிட்டது என்று எப்போது சொல்வார்கள்?

சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவே

'மத்திய அரசுதான் காரணம்' என்று மாநிலமும், 'மாநில வாட் வரிதான் காரணம்' என்று மத்திய அரசும் மாறி மாறிக் கைகாட்டுவதைக் கேட்டுக் கேட்டு மக்களுக்குப் புளித்துவிட்டது. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது.

2021 தேர்தலில் தி.மு.க. பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. ஆட்சிக்கு வந்து ஆகஸ்டில் தாக்கலான முதல் பட்ஜெட்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார். மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள் இருப்பதைச் சொல்லி, உழைக்கும் ஏழைகளுக்கான சலுகை என்றார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் போகும் என்றார். டீசலை அந்த பட்ஜெட் தொடவில்லை.

அவர் திரும்பத் திரும்ப எழுப்பிய ஒரு கேள்வி முக்கியமானது. அப்போது பெட்ரோல் மீதிருந்த 32.90 ரூபாய் மத்திய வரியில், மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1.40 ரூபாய் மட்டுமே. மற்றவை செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் நேராக மத்திய அரசின் பெட்டிக்குப் போயின. மாநிலத்தின் பங்கைச் சுருக்கிவிட்டு, வரியைக் குறை என்று மாநிலத்தைக் கேட்பது என்ன நியாயம் என்பது அவர் வாதம்.

ஆனால் மாநிலம் வாங்குவது அந்த வரிக்கும் மேல் வரி. எண்ணெய் விலையும் கலாலும் சேர்ந்த தொகையின் மீதுதான் வாட் சதவிகிதம் கணக்காகிறது. டெல்லி ஏற்றினால் சென்னைக்கும் கொஞ்சம் வரும். ஜி.எஸ்.டி-க்குள் கொண்டுவரலாமே என்ற கேள்வி 2021 செப்டம்பர் 17-ல் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி கவுன்சிலுக்குப் போனது. இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. இந்த விஷயத்தில் கட்சி வித்தியாசமே இல்லை; கையிலிருக்கும் வரியை விட எந்த அரசுக்கும் மனசில்லை.

இந்தக் குழப்பத்தின் நேரடி விளைவை எல்லையில் பார்க்கலாம். வரி குறைந்த புதுச்சேரி பங்க்குகளில் டி.என் நம்பர் பிளேட் வண்டிகள் நிற்கும். டீசல் லோடு கணக்குப் பார்க்கும் லாரிக்காரர் ஓசூரில் நிறுத்தமாட்டார். அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் டேங்க்கை நிரப்புவார். பாலக்காட்டு வண்டியோ வாளையாரைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்து போடும். ஒரே நாடு, ஒரே எண்ணெய், பத்து கிலோமீட்டருக்கு ஒரு விலை.

மீட்டருக்குள் மாட்டிக்கொண்டவர்

தமிழக அரசு ஆட்டோ மீட்டர் கட்டணத்தை நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அப்போது சென்னையில் பெட்ரோல் எழுபதுகளில் இருந்தது. விலை நூறைத் தாண்டிய பிறகும் அந்தக் கட்டணம் திருத்தப்படவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டோ லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 75 ரூபாய் பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 3 ரூபாய்ச் செலவு. 100 ரூபாயில் 4 ரூபாய். ஒரு ரூபாய்தானே? ஒருநாளைக்கு 100 கிலோமீட்டர் ஓடினால் நூறு ரூபாய். மாதம் 25 நாள் ஓட்டினால் 2,500 ரூபாய். சவாரி இல்லாமல் காலியாக ஓடும் தூரம் இதில் இன்னும் பாதகம். அதற்கு யாரும் காசு தருவதில்லை. வண்டி டியூ, இன்ஷூரன்ஸ், எஃப்.சி செலவு தனி. 'மீட்டருக்கு மேல போட்டுக் கொடுங்க' என்ற பேரமும், அதனால் வரும் சண்டையும் இங்கிருந்துதான் பிறக்கின்றன. 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று புதுக் கட்டணம் அறிவித்தன. அது செல்லாது, அதிகம் வாங்கினால் நடவடிக்கை என்று அரசு சொன்னது. பெட்ரோலுக்குச் சந்தை விலை, ஆட்டோவுக்கு அரசு விலை. நடுவில் நசுங்குவது டிரைவர். கடைசியில் பில் கட்டுவது பயணி.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் போனால் இதே கணக்கு பெரிய எண்களில் இருக்கும். நாமக்கல்லிலிருந்து டெல்லி சுமார் 2,400 கிலோமீட்டர். போய்வர 4,800. லோடு வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 1,200 லிட்டர் டீசல். லிட்டருக்கு 1 ரூபாய் ஏறினால் ஒரு டிரிப்புக்கு 1,200 ரூபாய் அடி. 2022 மார்ச், ஏப்ரலில் டீசல் ஒன்பதரை ரூபாய் ஏறியது என்றால் 11,400 ரூபாய். வாடகை லோடு ஏற்றும்போதே பேசி முடித்தது. வழியில் டீசல் ஏறியது என்று சரக்குக்காரரிடம் போய்க் கேட்க முடியாது. ரிட்டர்ன் லோடு கிடைக்கவில்லை என்றால் அந்த டிரிப் கையைக் கடிக்கும். 2018 ஜூலையில் நாடு முழுக்க லாரிகள் எட்டு நாட்கள் நின்றபோது, டீசல் விலையும் டோல்கேட்டும்தான் முக்கியக் கோரிக்கைகளாக இருந்தன.

பங்க் உரிமையாளர் இந்த விளையாட்டில் ஜெயிப்பவர் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். விலை எவ்வளவு ஏறினாலும் அவருடைய கமிஷன் லிட்டருக்குச் சில ரூபாய்தான். முந்தைய நாள் பழைய விலைக்கு வாங்கித் தொட்டியில் வைத்திருக்கும்போது திடீரென வரி குறைந்தால், ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் போய்விடும். 2021 தீபாவளியிலும் 2022 மே மாதத்திலும் அப்படித்தான் ஆனது. அதை எதிர்த்து 2022 மே 31-ல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களின் டீலர்கள் ஒருநாள் எண்ணெய் வாங்க மறுத்தார்கள்.

பலகையில் மாறாத விலை, டேங்க்கில் மாறிய சரக்கு

2025-ல் இன்னொரு மாற்றம் முழுமையானது: பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் விலை கிடைக்கும், இறக்குமதி குறையும், புகை குறையும் என்பது அரசின் நியாயம். ஆனால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்த நான்குசக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் குறையலாம், இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவிகிதம் குறையலாம் என்று 2021-ல் வந்த நிதி ஆயோக் குழு அறிக்கையே மதிப்பிட்டது. அந்த இழப்பை ஈடுகட்ட, கலப்பு எரிபொருளைக் குறைந்த விலையில் விற்க வேண்டும் என்றும் அது சொன்னது.

விலை குறையவில்லை. எத்தனாலின் கொள்முதல் விலையே பெட்ரோலைவிட அதிகமாகிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. பழைய கார் வைத்திருப்பவர் இதை எப்படிப் பார்ப்பார்? மைலேஜ் 6 சதவிகிதம் குறைந்தால், நூறு ரூபாய் பெட்ரோல் அவருக்கு 106 ரூபாய்க்குச் சமம். அறிவிப்பே இல்லாத விலையேற்றம்.

பங்க்கில் உங்கள் உரிமை

விலையை மாற்ற நம்மால் முடியாது. அளவை உறுதிசெய்ய முடியும்.

ரீடிங் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, லிட்டர் விலை சரியா என்றும் டிஸ்பிளேயில் பாருங்கள். நூறு, இருநூறு என்று முழுத்தொகைக்குப் போட்டால் ஏமாற்றுவார்கள், 110, 210 என்று போட வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. அதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அதில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்தப் பம்ப்பில் விற்கக் கூடாது. கலப்படச் சந்தேகம் இருந்தால் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்கலாம். அன்றைய அடர்த்தி எழுதிய பதிவைப் பார்க்கலாம். ரசீது கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைக் கவனிப்பது தொழிலாளர் துறை. புகாரை அங்கே எழுத்தில் கொடுக்கலாம்.

என்ன செய்ய வேண்டும்?

விலை ஏறவே கூடாது என்று யாரும் கேட்கவில்லை. எண்ணெய்க் கிணறு நம் ஊரில் இல்லை என்பது ஆட்டோ டிரைவருக்கும் தெரியும். அவர் கேட்பது ஒரு விதி. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொதுவான ஒரே விதி.

அதற்கு மூன்று வேலைகள் போதும். முதலாவது, பங்க் பில்லிலேயே விலையைப் பிரித்து அச்சிட வேண்டும்: எண்ணெய்க்கு இவ்வளவு, மத்திய வரி இவ்வளவு, மாநில வரி இவ்வளவு, கமிஷன் இவ்வளவு. டெல்லிக்கான கணக்கை எண்ணெய் நிறுவனங்கள் இணையதளத்தில் போடுகின்றன. அதைத் திருநெல்வேலிக்காரர் கையிலும் கொடுப்பதில் என்ன சிரமம்? ஓட்டல் பில்லில் ஜி.எஸ்.டி-யைப் பிரித்துக் காட்ட முடியும் என்றால் பெட்ரோலிலும் முடியும். இரண்டாவது, கச்சா எண்ணெய் இத்தனை டாலருக்கு மேல் போனால் வரி இவ்வளவு குறையும், கீழே வந்தால் இவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே அறிவித்த படிநிலை வேண்டும். அப்போது வரி வசூலும் நடக்கும், வாடிக்கையாளருக்கும் அதிர்ச்சி இருக்காது, தேர்தல் தேதிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது. மூன்றாவது, மாநில அரசின் கையிலேயே இருக்கிறது: ஆட்டோ கட்டணத்தை எரிபொருள் விலையோடு இணைத்து, ஆண்டுக்கு ஒருமுறை தானாகத் திருத்தும் முறை. இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

இந்த மூன்றில் ஒன்றுகூட வரியை ஒரேயடியாகக் குறைக்கச் சொல்லவில்லை. கணக்கைக் காட்டு என்றுதான் சொல்கிறது. வெயிலிலும் மழையிலும் வரிசையில் நின்று, லிட்டருக்கு லிட்டர் வரி கட்டும் கோடிக்கணக்கான வண்டிக்காரர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்க முழு உரிமை உண்டு. அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவரிடம் 'விலையைக் குறைப்பீர்களா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'எந்த விதிப்படி குறைப்பீர்கள்? அதை எழுதிக் கொடுப்பீர்களா?' என்று கேளுங்கள்.